பக்கம் மாறிய கோல்

மாசி 9, ஞாயிறு

வீட்டுக்காரர் இறந்து நாலு மாதம் ஆகிறது. அவர் விசிலடித்துப் பார்க்கும் பந்தாட்டத்துக்கு இன்று நான் போனேன். அறுத்த வயலில் மகள் செல்வி ஆடினாள்.

பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. செல்வி முதலில் கோல் போட்ட கம்பத்துக்குள் மறுபடி பந்து போனதும் எழுந்து கைதட்டிவிட்டேன். போட்டது எதிர் ஊர்ப் பெண். எங்கள் சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தாலி இறங்கியவளுக்குக் கைதட்டல் ஒரு கேடா என்பார்களோ என்று சட்டென உட்கார்ந்துவிட்டேன்.

எதிர் ஊர்க்காரி ஒருத்தி, "யக்கா, எங்க பக்கமே வந்து உக்காருங்க, சுண்டல் தர்றோம்!" என்று கத்தினாள். ஊரே சிரித்தது.

"அம்மா, கட்சி மாறிட்டியா?" என்றாள் செல்வி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த கோல் அவளுடையதுதான். அவரைப்போல வாயில் விரல் வைத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது.