கோச்சடைக்கு உன்னைத் திருப்பி அனுப்பிய தீர்ப்பு

என் ஆசை அக்கா பாண்டியம்மாளுக்கு,

நீ போய் ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னும் எனக்குக் கோபம் ஆறல. முதல் கோபம் என் மேலதான்.

உன் புருஷன் உலக்கையால் அடித்ததில் இடது கை ஒடிந்து நம் வீட்டுக்கு வந்தாய். அவனோ, பெண்டாட்டியைச் சேர்த்து வைக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனான். கட்டுப் போட்ட கையோடு நீ கூண்டில் நின்றாய்.

"கிணத்தடியில வழுக்கி விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில சொன்னது நீங்கதானம்மா?" என்றார் அவன் வக்கீல்.

"அவரு பக்கத்துல நிக்கையில வேற என்னய்யா சொல்ல முடியும்?"

குடும்பம் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், அனுசரித்துப் போகணும் என்றார் நீதிபதி. சேர்ந்து வாழ வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவரை மட்டும் சொல்லி என்ன? அப்பாவும் தலையாட்டினார். "அக்காளைக் கொண்டுபோய் விட்டுட்டு வாடா" என்றார். நான் ஏன் அக்கா மறுக்கவில்லை?

காளவாசலில் பஸ் ஏறினோம். கோச்சடையில் இறங்கி உன் புருஷன் வீட்டு வாசலுக்கு வந்ததும், "நீ போடா, உள்ள வந்தா உன்னையும் அடிப்பாரு" என்றாய். நான் போய்விட்டேன்.

ஐந்தே மாதம். வயிற்றில் மிதித்தே கொன்றுவிட்டான். அந்தத் தெருவே உன் அலறலைக் கேட்டிருக்கிறது. சாட்சி சொல்ல ஒரு ஆள் வரவில்லை. விடுதலையாகி, மறு கல்யாணமும் பண்ணிக்கொண்டான்.

இப்போது ஒரு சேதி. எங்கள் எதிர்வீட்டு ரஞ்சிதம் அடி தாங்காமல், பிரிந்து வாழ மனுப் போட்டாள். தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சாட்சிக்குப் போனேன்.

"அடுத்தவர் குடும்ப விஷயத்துல உங்களுக்கு என்னங்க அம்புட்டு அக்கறை?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"எங்க அக்கா விஷயத்துல யாரும் அக்கறைப்படலய்யா. அது செத்துப்போச்சு" என்றேன்.

போன வாரம் ரஞ்சிதத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அடிக்கிற புருஷனைப் பிரிந்து வாழ விடுவது புதுச் சட்டமா என்று அவள் வக்கீலிடம் கேட்டேன். "உங்க அக்கா காலத்துலயும் இருந்ததுதான்" என்றார். ஏன் ஒருத்தரும் அதை உனக்குச் சொல்லவில்லை? நம் வக்கீலுக்குமா தெரியாது?

நேற்று ரஞ்சிதத்தின் புருஷன் என்னை மறித்து, "இனி இந்தத் தெருவுல நடந்துருவியா?" என்றான். நடப்பேன் அக்கா. நாளைக்கே இன்னொரு பெண் கூப்பிட்டாலும் கூண்டேறிப் பார்த்ததைச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்த தம்பி,
செல்வராசு