ஒரே சீராக ஓடிய நெஞ்சு

மாப்ளே,

இன்றைக்கு மறுபடி அந்தக் குளிர்ந்த பசை என் நெஞ்சில் பட்டது. அஸ்தம்பட்டியில் நாம் இரண்டு பேரும் போன அதே கிளினிக்தான். ஈ.சி.ஜி. எடுத்த பெண், "மூச்ச நல்லா இழுத்து, மெதுவா விடுங்க" என்றாள். கண்ணை மூடினால் பக்கத்துக் கட்டிலில் நீ படுத்திருக்கிறாய், கழற்றிய சட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு.

அன்று சர்க்கரைக்குக் காட்ட வந்தவன் நீ. துணைக்கு வந்த நானும் சும்மா இராமல் படுத்துப் பார்த்தேன். பிறகு எதிர் டீக்கடையில் இரண்டு தாளையும் விரித்து வைத்தோம். என் துடிப்புகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் கிடந்தன. நீ மூச்சை இழுத்தாலும் விட்டாலும் உன்னுடையது ஒரே இடைவெளி.

"என்ன மாப்ளே, உன்ர இஞ்சின் மிஸ்ஸிங் அடிக்குது?" என்று சிரித்தாய்.

சங்ககிரிப் பட்டறையில் லாரி இஞ்சினோடு பாதி ஆயுளைக் கழித்தவன் நான். சீராக ஓடினால் நல்ல வண்டி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "உன்ரது ஷோரூம்ல இருந்து எறக்குன வண்டியாட்டம் ஓடுது. நாளைக்கு இன்னொரு டெஸ்ட்டு எதுக்கு? நீ லாரில லோடு ஏத்திக் கெளம்பு, வந்து பாத்துக்கலாம்" என்றேன். டாக்டர் வரச் சொன்னதை நான்தான் தள்ளிப்போட வைத்தேன்.

நீ திரும்பி வரவில்லை. நெஞ்சு வலிக்குது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். வேர்த்துக் கொட்டியதும் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டாயாம். கூட வந்த கிளீனர் சொல்லி அழுதார்.

இன்று டாக்டர் என் தாளைக் காட்டி விளக்கினார். "இழுக்கையில துடிப்பு வேகமாகி, விடுகையில மெதுவானா நரம்பு நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தமுங்க. சர்க்கரை நரம்பக் கெடுத்துட்டா இந்த ஏத்த எறக்கம் கொறஞ்சு போயிரும். மாரடைப்பு வந்தாக்கூட சிலருக்கு வலி தெரியாது."

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "அம்மிணி, அன்னிக்கு டாக்டரு..." என்று தொடங்கினேன்.

"தெரியுமுங்கண்ணா. அவரு டீக்கடையில இருந்தே எனக்குப் போன் பண்ணுனாரு. 'புது வண்டியாட்டம் ஓடுதுன்னு அவனே சொல்லீட்டான், இனி டெஸ்ட்டு எதுக்கு'ன்னு ஒரே சந்தோசம்."

எல்லாம் தெரிந்துதான் இவ்வளவு காலமும் "சாப்பிட்டுப் போங்கண்ணா" என்று என்னை உட்கார வைத்திருக்கிறாள். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன், மாப்ளே.

இப்போது பட்டறையில் இருக்கிறேன். வேலை முடிந்த லாரி ஒன்று, ஸ்டார்ட் செய்து நிறுத்தியபடி ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. "எப்படீங்க இருக்குது?" என்று டிரைவர் இரண்டாம் தடவை கேட்டுவிட்டார். நல்லாருக்குது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.