நாங்கள் நின்ற ஒரு நிமிடம்

அன்பு மச்சான் இசக்கி,

மே மாதம், மூன்றாம் ஞாயிறு. காலை 6.10. ஆட்கள் இருபத்து மூன்று. மஞ்சள் மூக்கு ஆட்காட்டி இரண்டு, முட்டை நான்கு. 6.40-க்கு முட்டை மூன்று.

இதை மட்டும் நம் பறவை க்ளப் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றிருந்தேன். போடக் கூடாது என்கிறார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்றைய நடைக்கு உன் பேர் வைத்திருக்கிறார்கள், 'இசக்கிமுத்து நினைவு நடை'. எல்லாம் நம் கார் கம்பெனி பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர் தினேஷ் ஏற்பாடு. நீ போன பிறகு க்ளப்பை அவன்தான் நடத்துகிறான். டி-ஷர்ட் வேறு அடித்திருக்கிறான். சேஃப்டி ஜாக்கெட் இருக்குமே, அந்தப் பச்சை. முதுகில் உன் முகம். ஆதார் கார்டில் முறைப்பாயே, அதே படம். எனக்கு முன்னால் நடந்த எல்லார் முதுகிலிருந்தும் நீ என்னை முறைத்துக்கொண்டே வந்தாய்.

இடம் மாறவில்லை. கம்பெனிச் சுவருக்குப் பின்னால், அரசாங்கம் எடுத்துக்கொண்டு இன்னும் எதுவும் கட்டாமல் போட்டிருக்கும் அதே புல்வெளி. எங்கள் வீட்டு நிலமும் அதில் ஒரு துண்டு உண்டு. கடலை போட்டால் போட்டது திரும்பாத நிலம், அதற்காக நான் அழுததில்லை. வானம்பாடி இப்போதும் நேராக மேலே ஏறிக் கத்திவிட்டுக் கல் மாதிரி விழுகிறது. ஹைடென்ஷன் கம்பியில் பஞ்சுருட்டான்கள். கௌதாரி சத்தம் மட்டும்தான், ஆளைக் காணோம். ரோட்டோரம் கார் ஏற்றும் ட்ரெய்லர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை நான் பார்ப்பதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ இருந்தபோது நாம் ஏழு பேர். மாட்டுத்தடத்தில் ஒற்றை வரிசை. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவன்தான் முன்னால் நடக்க வேண்டும், ராத்திரி முழுக்க ட்யூப்லைட்டைப் பார்த்தவனுக்குத்தான் முதல் வானம் என்று நீ வைத்த முறை. மே மாதத்துக்கென்று இன்னொரு முறையும் உண்டு. எவனாவது கேமராவோடு நின்றால் முன்னாலிருந்து உன் குரல் வரும்.

"ஏல, நிக்காத, நட. நீ நின்னா அது உட்காராது."

அவ்வளவுதான் விஷயம். ஆட்காட்டி கூடு கட்டாது. வெறும் தரையில், சரளைக்கல்லோடு கல்லாக முட்டை இடும். மனிதன் கடந்து போனால் விலகிப் போய்த் திரும்பி வரும். நின்றால் வராது. தலைக்கு மேல் சுற்றிக் கத்திக்கொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற முட்டை வேகும். இதைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம்.

இன்று தினேஷ் என்ன செய்தான் தெரியுமா? புல்வெளிக்கு நடுவில் போனதும், "எல்லாரும் வட்டமா நில்லுங்கபா. அண்ணனுக்கு ஒரு நிமிஷம் மௌனம்" என்றான்.

"தடத்துலயே நிக்கலாம் தினேஷ். மே மாசம் இது. கொஞ்சம் தள்ளி முட்டை கீது, இப்பதான் பாத்தேன்" என்றேன்.

"தடத்துல எப்டிபா வட்டம் வரும்? ஒரு நிமிஷம்தான. இன்னா, அவருக்காக ஒரு நிமிஷம் நிக்கமாட்டியா நீ?"

முட்டை பக்கம் போகாதீர்கள் என்று கையைக் காட்டினேன். பாதிப் பேர் போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. உனக்காகத் தலை குனிந்து நின்றோம். இரண்டு ஆட்காட்டியும் எங்கள் தலைக்கு மேல் கத்திக் கிழித்துக்கொண்டிருந்தன. நிமிடம் முடிந்ததும் தினேஷுக்குக் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா, பறவையே வந்து அஞ்சலி செலுத்துது" என்றான். மனதாரச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரேவதிதான் முதலில் கீழே பார்த்தாள். தேனிக்காரி, அசெம்பிளி லைனில் இருக்கிறாளே, நீ பைனாகுலர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபோது "எனக்குக் கண்ணே போதும்" என்றவள்.

"யாரும் காலத் தூக்காதீங்க" என்றாள். எதிரில் நின்றவரைப் பார்த்து, "அண்ணே, நீங்க மட்டும் மெதுவாத் தூக்குங்க."

சேஃப்டி ஷூ. முன்னால் இரும்பு வைத்தது. அதன் அடியில் மஞ்சள் கரு. யாருடைய ஷூ என்று எழுதமாட்டேன். புதிதாக வந்தவர், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு முகம் தெரியாத உனக்காக வந்தவர். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அந்த முட்டையை எண்ணிக்கையில் எழுதத் தினேஷிடம் சொன்னேன்.

"உனக்குப் பைத்தியமாபா? அண்ணன் பேர்ல நடக்குற வாக்ல முட்டைய மிதிச்சோம்னு எழுதுவாங்களா? வெளிய தெரிஞ்சா இன்னா நினைப்பாங்க?"

"நடந்தத நினைப்பாங்க."

"கவனிக்கல. அவ்ளோதான். வுடு."

கவனிக்கல. குவாலிட்டியில் என் வேலையே இந்த வார்த்தையைத் திருப்பி அனுப்புவதுதான். ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று முதல் ஏனிலேயே முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருவான் ஒருவன். வாங்கமாட்டேன். ஏன் கவனிக்கவில்லை? அதற்கு முன்னால் என்ன நடந்தது?

உனக்கும் அதைத்தான் செய்தார்கள். நீ நைட் ஷிப்ட் முடித்து, அதற்கு மேல் ஓவர்டைம் பார்த்து, நேராக இங்கே வந்து எங்களுக்கு முன்னால் நடந்தாய். நடை முடிந்து பைக்கில் படப்பை ரூமுக்குத் திரும்பும்போது கண் அசந்து, நின்றிருந்த ட்ரெய்லரின் பின்னால் போய் மோதினாய். டீக்கடையில் ஒரே வரி: 'பறவை பாக்கப் போயி செத்தான்.' கம்பெனியில் ஒரே வரி: 'டூட்டி டைம் இல்லை.' ஏன் தூங்கினான்? தொடர்ந்து எத்தனை ராத்திரி வேலை? அந்த லைனில் ஏன் ஆள் இல்லை? இரண்டாவது ஏனுக்கு ஒருத்தரும் போகவில்லை.

உன் அம்மாவும் அந்த ஒரு வரியைத்தான் வைத்திருக்கிறார்கள். போன மாதம் போனில் சொன்னார்கள்: "அந்தப் பறவை சனியனப் பாக்காம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்லா, மக்கா." நான் என்ன சொன்னேன்? சிக்னல் சரியில்லை என்றேன்.

உன் மீதும் கோபம்தான். நைட் முடித்தவன் முன்னால் என்று பெருமையாக முறை வைத்தாயே, அது தப்பு மச்சான். அன்றைக்கு உனக்குக் கண் எரியவில்லையா? எரிந்ததென்றால் ஏன் சொல்லவில்லை? நீ முன்னால் நடந்தாய், எங்களுக்கு உன் முதுகுதான் தெரிந்தது.

எல்லாரும் பொங்கல் பொட்டலம் வாங்கப் போன பிறகு நானும் ரேவதியும் தள்ளியிருக்கும் மண் ரோட்டில் போனோம், வந்தோம், மறுபடி போனோம். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. ஆட்காட்டி இரண்டும் கத்திக்கொண்டே இருந்தன. பிறகு சத்தம் ஒன்றானது. எனக்கு நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

"உக்காந்துருச்சு" என்றாள் ரேவதி, திரும்பாமலே. "நிக்காதீங்க. நடங்க."

இனி நான் செய்யப் போவது:

1. இன்றைய எண்ணிக்கையில் உடைந்த முட்டையை எழுதுவேன். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று இருக்காது. 'மௌனத்துக்காக வட்டமாக நின்றோம்' என்று இருக்கும். க்ளப்பை விட்டு எடுத்தால் எடுக்கட்டும்.

2. மே, ஜூனில் தடத்தை விட்டு ஒருத்தர் கால் இறங்காது. உனக்கு மௌனம் வேண்டுமானால் நடந்துகொண்டே.

3. நைட் ஷிப்ட் முடித்தவரை நடைக்குச் சேர்க்கமாட்டேன். ரூமுக்குப் போய்த் தூங்கட்டும். உன் முறையை ரத்து செய்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

4. அடுத்த ஞாயிறு முட்டை மூன்றா என்று பார்ப்பேன். நிற்கமாட்டேன்.

5. அதற்கு முன்னால் உன் அம்மாவுக்குப் போன் செய்வேன். பறவை பார்த்ததால் நீ சாகவில்லை என்பதை இரண்டாவது ஏனிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன். அவர்கள் போனை வைத்துவிட்டால், மறுபடி போடுவேன்.

ரத்தத்தில் இல்லாவிட்டாலும்
உன் மச்சான்,
வேலு