கொசுக்கடி இல்லை, செமிசி

செமிசி,

நீ தூங்கும்போது சட்டையை விலக்கிப் பார்த்தேன். கழுத்துச் சிவப்பு மார்பு வரை இறங்கியிருக்கிறது. "கொசுக்கடி, விடு" என்றாயே, எந்தக் கொசு பொத்தான் கழற்றிக் கடிக்கும்?

மருந்துக்கடை ஆனாவிடம் போனில் கேட்டேன். உன் அண்ணனிடம் வாங்கி விழுங்கும் கீல்வாத மாத்திரையும், டாக்டர் தந்த புது பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். உயிருக்கே ஆபத்தாகலாமாம். "அவரோட அண்ணன் மாத்திரைய இனி தொடவிடாதீங்கக்கா, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று பதறினாள். அண்ணன் மாத்திரையை டாக்டரிடம் மறைத்த வீரன் நீதானே!

பத்து மணிக்கு என் தம்பி கெலேபி காரோடு வருவான். இரண்டு மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொள். வேலையில் சொல்லிவிட்டு நான் நேராக கிளினிக்குக்கு வருகிறேன். டாக்டரிடம் நீயே உண்மையைச் சொல். இல்லையென்றால் நான் சொல்வேன், குறட்டையையும் சேர்த்து.

சட்டியில் டாரோக் கிழங்கும் மீனும் இருக்கிறது.

லோசே

காய்ச்சல் வந்தாலோ முகம் வீங்கினாலோ கெலேபிக்குக் காத்திருக்காதே, ஆம்புலன்சைக் கூப்பிடு.

நேற்று "நீ என்ன டாக்டரா?" என்று கத்தினாய். நானும் பொய்யன் என்று திட்டினேன். நீ பொய்யன்தான். ஆனால் இன்னொரு பொய்யனைப் பிடித்துப் பழக்க எனக்குப் பொறுமை இல்லை.