அக்காவுக்குச் சொன்ன நன்றி

ஜூன் 4

அக்கா வந்துவிட்டாள். அத்தான் காலமான பிறகு ஊரில் தனியாகத்தான் இருந்தாள். “ஒரு மாசம் இருந்து பாக்கிறேன். ஒத்து வந்தா இங்கேயே இருந்துடுறேன்” என்றாள். ஒத்து வராமல் என்ன? மாடி அறைக்குப் புதுத் திரைகூட மாட்டிவிட்டேன்.

இத்தனை வருஷமாகியும் என் தமிழில் இந்த ஊர் மொழி ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை என்று மெச்சினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 7

அக்காவின் மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கே அழைத்துப் போனேன். தினமும் செய்வதுதானே — ஃபிரேமின் காதுப் பக்கத்தைச் சூடுகாட்டி வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி வளைத்து. முடித்ததும் வாய் தானாகச் சொன்னது: “பொறுமையா உட்கார்ந்திருந்ததுக்கு ரொம்ப நன்றிக்கா.”

ஏற இறங்கப் பார்த்தாள்.

“எனக்கா நன்றி சொல்ற? நான் என்ன உன் கஸ்டமரா?”

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 8

இன்று கவனித்தேன். காலையிலிருந்து அக்காவிடம் நான் பேசியது: அந்தத் தட்டைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோ. உனக்குச் சிரமம் இல்லேன்னா ஜன்னலைச் சாத்தலாமா?

“சாத்துக்கா” என்றால் என்ன, வாய் கோணிக்கொள்ளுமா? வார்த்தையெல்லாம் தமிழ்தான். பேசுவது மட்டும் கடைக்காரி.

ஜூன் 11

அக்கா பதிலுக்குப் பதில் ஆரம்பித்துவிட்டாள். காபி கொடுத்தால் நன்றி. ஃபேன் போட அனுமதி கேட்கிறாள்!

வீட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இது வீடா, மேடையா? மாலை ஒண்ணுதான் பாக்கி.”

சிரிப்பு வந்தது. ஆனால், இப்படியே போனால் இருப்பாளா?

ஜூன் 12

‘நன்றி’ வாய்வரை வரும்போதெல்லாம் கடித்துக் கடித்து நாக்கே புண்ணாகிவிட்டது.

ஜூன் 15

அக்கா பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். “எனக்காக இவ்வளவு சிரமப்பட்டதுக்கு நன்றிம்மா. ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்.”

வந்ததே எனக்கு ஆத்திரம்!

“போ! ஒரேயடியாப் போ! சின்ன வயசுலேருந்து இதே பொழப்பு உனக்கு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்க வேண்டியது, கிளம்பிட வேண்டியது. உனக்காக ஓடி ஓடித் திரை மாட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எந்தப் பரணில் கிடந்த பேச்சோ, ஒன்றுவிடாமல் வந்து விழுந்தது. ஒரு “முடியுமா” இல்லை, ஒரு “மன்னிச்சுக்கோ” இல்லை. வீட்டுக்காரர் ஓசைப்படாமல் வெளியே நழுவிவிட்டார்.

அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்றே தெரியவில்லை.

“இத்தனை நாளா எங்கடி இருந்த?”

ஜூன் 17

ஞாயிறு. பெட்டி பரணுக்குப் போயிற்று.

ஜூன் 25

காலையிலிருந்து மழை. கடைக்குக் கிளம்பினால் என் குடையைக் காணோம். அக்காவையும் காணோம். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, தன் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் மகராசி. தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

வரட்டும் வீட்டுக்கு. இருக்கு அவளுக்கு!