விடுபட்ட இரண்டு புள்ளிகள்

இஞ்சாருங்கோ என்று கூப்பிட வாய் வருகிறது, திரும்பிப் பார்க்க நீங்கள் இல்லை. கவுன்சில் ஆட்கள் வாசலில் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த மணம் கடைக்குள் வந்ததும் உங்கள் நினைவுதான்.

லண்டன் பிளேஸ்டோவில் இந்தக் கடையைத் திறந்தபோது பெயர்ப்பலகைக்காக எவ்வளவு சண்டை போட்டோம். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் எரித்த நம் கடையின் பெயரையே, அதுவும் தமிழில், எழுத வேண்டும் என்று நின்றீர்கள். எனக்கு அந்த எழுத்தைப் பார்த்தாலே நெருப்பு நினைவு வரும்.

"இங்கிலிஷில பொதுப்பேரா ஒண்டு எழுதுவம். ஏன் வீணா எங்களைக் காட்டிக் குடுப்பான்?" என்றேன். அதிசயமாக விட்டுக்கொடுத்தீர்கள்.

அந்தக் கிழமைதான் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். அவர் ஜெர்மன்காரர், கிழக்கு லண்டனில் பேக்கரி வைத்திருந்தவர். முதலாம் உலகப் போர் தொடங்கியதும் பலகையில் ஆங்கிலப் பெயர் எழுதி, யன்னலில் பிரித்தானியக் கொடியும் கட்டினாராம். ஜெர்மன்காரர் ஒரு பயணிகள் கப்பலை மூழ்கடித்த சேதி வந்ததும் கூட்டம் வந்து கண்ணாடியை உடைத்தது, மாவைத் தெருவில் கொட்டியது, பியானோவை மேல்மாடி யன்னலால் தள்ளியது.

வந்தவர்கள் தெரிந்தவர்களா என்று மட்டும் கேட்டீர்கள். தினமும் பாண் வாங்குகிறவர்கள்தான் என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து சொன்னீர்கள்: "உடைக்க வந்தவையின்ர பிள்ளையள் சண்டையில செத்துக்கொண்டிருந்திருக்கினம். ஜெர்மன் அரசன் கைக்கு எட்டேல்லை. பேக்கரிக்காரன் எட்டினான். பேர் மாத்தியும் அந்த மனுசனை விடேல்லையே. எங்கட பேரே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல் அல்ல, அந்தக் கூட்டத்தின் மேல்.

பலகை எழுதிய வெள்ளைக்காரர் நீங்கள் கொடுத்த எழுத்தைப் பார்த்து அழகாகத்தான் வரைந்தார். புள்ளிகளைத் தூசி என்று நினைத்தாரோ என்னவோ, 'செல்வம்' 'செலவம' ஆகிவிட்டது. நம் ஆட்கள் செலவுக்கடை என்று கேலி செய்ய, நீங்களே ஏணியில் ஏறிப் பெயின்டால் புள்ளி வைத்தீர்கள். நான் ஏணியைப் பிடித்தபடி, எந்தப் பக்கத்திலிருந்து கல் வரும் என்று தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று கல் வரவில்லை.

நேற்று ஒரு சோமாலியக் குடும்பம் சாமான் வாங்கிப் போனதும், நம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: "இவையள் வந்தாப்பிறகுதான் இந்த இடம் கெட்டதக்கா." நல்ல மனிதர், உங்கள் செத்தவீட்டில் முன்னின்று உதவியவர்.

"நாளைக்கு ஆரும் அவையின்ர வீட்டுக்குக் கல்லெடுத்தா, நீர் எந்தப் பக்கம் நிப்பீர் தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சாமான் பையை எடுத்துக்கொண்டு போனார்.

பயம் எனக்கு இன்னும் போகவில்லை, பாருங்கள். அப்போது வெள்ளைக்காரன் எறியும் கல்லுக்குப் பயந்தேன். இப்போது அந்தக் கல் நம் ஆட்களின் கையில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.