கல்பூதத்தை நான் ஜெயித்துவிட்டேன், அக்கா

என் உயிரான ஈஸ்வரி அக்காவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் மேலே விலாசம் எழுதவில்லை. அப்பா வாசலை ஒட்டிக் கட்டிலில் படுத்திருக்கிறார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று சொல்ல முடியாது. நான் அடுப்படியில் சிம்னி விளக்கின் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு, பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் வீட்டுப்பாடம் என்று சொல்லிவிடுவேன். பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வரும் என்று உனக்குத் தெரியாதா?

நாளைக்குத் தேவாரம் ஊரிலிருந்து பெரியப்பா வருகிறார். உன்னைப் பற்றிப் பேசத்தான். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது நம் வழக்கம். ஓலைப்பெட்டியில் பாவாடை, வளையல், ரிப்பன், பவுடர் எல்லாம் வைத்துச் சாமி மூலையில் உயரக் கட்டுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இறக்கிப் படையல் போடுவார்கள். பெரியப்பா வீட்டில் அப்பாவின் அத்தை ஒருத்திக்கு அப்படி ஒரு பெட்டி தொங்குகிறதே, அது போல. உனக்கும் பெட்டி கட்ட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். அப்பா முடியாது என்கிறார்.

"பேரக் கெடுத்துக்கிட்டுப் போனவளுக்கு எதுக்குடி பெட்டி? ஊரு சிரிக்கும்" என்றார் போன வெள்ளிக்கிழமை.

அம்மா சோற்றுத் தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள். "செத்தவள இன்னும் எத்தன தடவ சாகடிப்பீக?"

நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே சட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். நீ எந்தப் பேரையும் கெடுக்கவில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி போடியில் மாடி வீட்டில் இருக்கிறாள். இன்னொருத்தி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த மாடியில் நடந்ததை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். ஒருமுறையாவது எதையும் மறைக்காமல் நான் சொல்லிப் பழக வேண்டாமா?

அந்த மாடி வீட்டுக்குக் கீழே குடோனில் நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சொளகை மடியில் வைத்துக்கொண்டு ஏலக்காய்க்குக் கத்தரியால் காம்பு நறுக்குவீர்கள். மேலே சின்ன முதலாளியம்மா. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம். உன்னைவிட மூன்று வயதுதான் மூப்பு. மாமியாருக்குப் பயந்து படி இறங்கமாட்டாள். சிங்கப்பூரிலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேம் பெட்டியைப் பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு அது. அவளுக்கு இரண்டாவது ஆள் இல்லை. முதலாளி மலைக்கு ஏலக்காய் ஏலம் எடுக்கப் போகிற நாளில், மாமியார் மத்தியானம் கண்ணயர்ந்ததும் மேலேயிருந்து குரல் வரும். "ஈஸ்வரி, ஒரு கொடம் தண்ணி கொண்டா."

நீ மாடிக்குப் போனதும் முதல் சோலி, கை கழுவுவது. "காய்த் தூசியோட பட்டனத் தொடாத, கெட்டுப்போகும்" என்று ரோஸ் நிறச் சோப்பு ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். கழுவிய பிறகும் உன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வாள். எனக்கு அது பிடிக்கவில்லை. "தூசிக்குத்தான்டி சொல்றாக" என்று நீ சமாதானம் சொன்னாய். உனக்கு நிஜமாகவே உறுத்தவில்லையா, இல்லை அந்த விளையாட்டுக்காகப் பொறுத்துக்கொண்டாயா?

பள்ளிக்கூடம் விட்டதும் உன்னோடு நம் ஊருக்குச் சிலமலை பஸ்சில் திரும்ப நான் குடோனுக்கு வருவேன். ஒருநாள் என்னையும் மேலே கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் ஏல நாட்களில் கடைசி இரண்டு பீரியடை விட்டுவிட்டு நான் ஓடிவரத் தொடங்கினேன். "படிப்பு போயிரும்டி" என்று திட்டினாய். திட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார இடமும் விட்டாய்.

உன்னுடைய ஆள் சிவப்பு, அவளுடைய ஆள் நீலம். ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் வாசலை மறித்துக்கொண்டு ஒருத்தன் நிற்பான். பாதித் திரையை அடைத்துக்கொண்டிருப்பான். அவன் விழுந்தால்தான் அடுத்த கட்டம். முதலில் ஒரு நண்டு. கொடுக்கைத் தூக்கும்போது மட்டும்தான் கண்ணைத் திறக்கும். அந்தக் கண்ணில் சுட வேண்டும். "எங்க அத்தயேதான்டி. கண்ணத் தொறந்தா கொடுக்கத் தூக்குறா" என்றாள் சின்ன முதலாளியம்மா. நீ சிரித்துக்கொண்டே செத்தாய். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ நண்டு வெடித்தபோது, இரண்டு பேரும் சத்தம் வராமல் கைதட்டினீர்கள்.

அடுத்தது இரட்டைத் தலைப் பாம்பு. அதில்தான் நீ யாரென்று எனக்குத் தெரிந்தது. சின்ன முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்குவாள். நீ ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "சின்னம்மா, மூணு காம்பு நறுக்குற நேரம் நெருப்புத் துப்புது. நறுக், நறுக், நறுக். நாலாவதுக்கு மூச்சு வாங்குது. அப்பக் குதிங்க." உன் கத்தரியின் தாளத்துக்கு அந்தப் பாம்பு செத்தது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நீ எனக்கு முதல்முறையாக ஒரு டீச்சரைப் போலத் தெரிந்தாய்.

கடைசியில் கல்பூதம். அதன் பேர் என்னவோ, நாம் வைத்த பேர் அது. இரண்டு முஷ்டியையும் தரையில் குத்தும். மேலேயிருந்து பாறை கொட்டும். அப்புறம்தான் நெஞ்சு திறந்து சிவப்பாகத் தெரியும். மாறி மாறி ஆடிய நாம் மூன்று பேரும் தூரத் தூர ஓடினோம். ஓடின இடத்தில்தான் பாறை விழுந்தது. மூன்று ஏல நாட்கள் அதனிடம் தோற்றோம். நான்காவது நாள் நீ ஓடவில்லை. சிவப்பு ஆளை நேராக அதன் காலுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாய்.

"ஏ, கிறுக்கி! மிதிச்சிரும்!" என்று கத்தினாள் சின்ன முதலாளியம்மா.

"மிதிக்காது சின்னம்மா. அதுக்குக் குனிஞ்சு பாக்கத் தெரியல."

அங்கே ஒரு பாறையும் விழவில்லை. நெஞ்சு திறந்தபோதெல்லாம் சுட்டாய். பூதத்தின் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்குச் சுருங்கியது. இன்னும் ஒரே ஒரு அடி. கரண்ட்டு போய்விட்டது.

எல்லாம் முதலிலிருந்து ஆட வேண்டும். சின்ன முதலாளியம்மா தலையணையைத் தூக்கி டிவி மேல் எறிந்தாள். நீ தாவணியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "அடுத்த ஏலத்தன்னைக்கு முடிச்சிரலாம் சின்னம்மா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தாய்.

அந்தச் சாயங்காலம்தான் அம்மா உன் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். காம்பு நறுக்குகிறவள் கையில் காய் வாடைதான் இருக்கும். சோறு பிசைந்தாலும் போகாது, சாணி தெளித்தாலும் போகாது. உன் கையில் ரோஸ் சோப்பு மணந்தது. "எந்த வீட்டுச் சோப்புடி இது?" என்றாள். நீ கையை உருவிக்கொண்டாய். மறுநாள் குடோனில் உன்னோடு வேலை பார்க்கிற ஒருத்தி பஸ்சில் அப்பாவிடம், "அண்ணே, ஈஸ்வரி அடிக்கடி மாடிக்குப் போகுது. ஒரு கொடம் தண்ணிய ஒரு மணி நேரமா ஊத்துவாக? பொட்டப்புள்ள, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

முதலாளியோடு உன்னைச் சேர்த்துப் பேசினார்கள். அக்கா, முதலாளி மலையில் இருந்த நாட்களில் மட்டும்தானே நீ மாடி ஏறினாய்? ஏலம் என்றைக்கு என்று போடியில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். ஒருத்தர்கூட அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணைப் பற்றிக் கெட்டதை நம்ப யாருக்குமே யோசனை தேவைப்படுவதில்லையா?

அப்பா உன்னை நடுவீட்டில் நிறுத்திக் கேட்டார். "மாடியில என்ன சோலி உனக்கு?"

"தண்ணி குடுக்கப் போனேன்பா."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சின்ன முதலாளியம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தாய். அதற்காக மட்டும் நீ மறைக்கவில்லை. அப்போது நீ என்னைப் பார்த்தாய். உண்மையைச் சொன்னால் நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததும் வெளியே வரும். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அப்பாவும் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ தெனமும் போறவதான? சொல்லு. இவ மாடியில என்ன பண்ணுனா?"

"எனக்குத் தெரியாதுப்பா. நான் பாக்கல."

அவ்வளவுதான் சொன்னேன். 'நானும் கூட இருந்தேன்' என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கும். என் புத்தகங்கள் அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால் நீ இருந்திருப்பாய். தெரியாது என்று நான் சொன்னதும் அப்பா முகம் மாறியதே, அதை இப்போதும் பார்க்கிறேன். தங்கச்சியே மறைக்கிறாள் என்றால் விஷயம் பெரிசு என்று நினைத்துவிட்டார்.

"குடோன் சோலி போதும். நாளைக்கு மலைக்குப் போ. காய் எடு. அங்க மாடி கிடையாது" என்றார்.

இருபத்திரண்டு நாள் போனாய். இருட்டோடு ஜீப்பில் ஏறி இருட்டோடு இறங்கினாய். அட்டை கடித்த காலோடு வந்து படுப்பாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருமுறையாவது, "ஏன்டி சொல்லல?" என்று கேட்டிருக்கக் கூடாதா? இருபத்திமூன்றாம் நாள், ஆளை லோடாக அடைத்துக்கொண்டு போன அந்த ஜீப்பு, போடிமெட்டுக்குக் கீழே வளைவில் பின்னால் உருண்டது. பின்பலகையில் தொற்றிக்கொண்டு நின்றவள் நீ. உட்கார இடம் கிடைத்தவர்கள் கை கால் முறிந்து பிழைத்தார்கள்.

இனி எழுதப்போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் மாடி வீட்டுக்குப் போனேன். சின்ன முதலாளியம்மா என்னைப் பார்த்ததும் அழுதாள். "நீங்க வந்து எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டேன்.

"நான் எப்புடிச் சொல்ல? எங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னய ஊருக்கு அனுப்பிருவாக. பெறகு யாரு எனக்கு? நீயே சொல்லு."

"என்னய நம்பமாட்டாக."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தணிந்த குரலில், "வந்ததுதான் வந்த. ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறியா? ஒத்தையில அந்தப் பூதத்துக்கிட்ட நெருங்க முடியல" என்றாள்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எழுந்து வந்திருக்க வேண்டும். நான் போய்க் கை கழுவினேன், அக்கா. சிவப்பு ஆளை எடுத்துக்கொண்டேன்.

நண்டு செத்தது. பாம்பு செத்தது. பூதத்தின் காலுக்கு நடுவில் போய் நின்றேன். அன்றைக்குக் கரண்ட்டு போகவில்லை. கல் கல்லாக உதிர்ந்து அது விழுந்தது. திரையில் இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி வந்தது. அதற்குப் பின்னால் என்ன வரும் என்று நீ எத்தனை நாள் கேட்டிருப்பாய்? ஒன்றும் வரவில்லை. மறுபடியும் முதல் கட்டம் வந்தது. அதே நண்டு, கொஞ்சம் வேகமாக. அவ்வளவுதான் அதன் முடிவு.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நானும் சிரித்தேன். ஒரு நிமிஷம் உன்னை மறந்துதான் போனேன். இதை உன்னிடம் மறைக்கக்கூடாது.

உனக்குப் பெட்டி கட்டினால் நல்லது என்று போன வாரம்வரை நினைத்தேன். இப்போது யோசித்தால் கசக்கிறது. சாமியாக்கிவிட்டால் அப்பா வருஷத்துக்கு ஒருமுறை விழுந்து கும்பிட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார். பஸ்சில் பேசியவள் வந்து விபூதி பூசிக்கொள்வாள். நானும் பரீட்சைக்கு முன்னால் வரம் கேட்பேன். சாமி யாரிடமும் எதுவும் திருப்பிக் கேட்காது. உயிரோடு இருந்தபோது பாவாடைக்கும் பவுடருக்கும் நீ ஆசைப்பட்டதே இல்லை. உனக்குப் பிடித்தது எதுவென்று அந்தப் பெட்டி கட்டுகிறவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஆனால் உன் பேரில் ஒட்டியிருப்பது என் பொய். அதை எடுக்காமல் விடமுடியாது.

பயமாகத்தான் இருக்கிறது. மலைக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணி நேற்றே வந்து, "மூத்தவ எடத்துக்குச் சின்னவள அனுப்புறது" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விளையாடினேன் என்று தெரிந்தால் பதில் சொல்லிவிடுவார். அந்த வளைவை நினைத்தால் எனக்கு மூத்திரம் முட்டுகிறது. பின்பலகையில் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்?

இருந்தாலும் நாளைக்குப் பெரியப்பா வந்து உட்கார்ந்ததும், அம்மா காப்பி கொண்டுவருவதற்கு முன்னால், பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதற்கு முன்னால், நடுவீட்டில் நீ நின்ற இடத்தில் போய் நிற்பேன். நீ நல்லவள் என்று சொல்லமாட்டேன். அதை அவர்கள் முடிவு செய்ய நான் விடமாட்டேன். நான் சொல்லப்போவது இவ்வளவுதான்: "அப்பா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். மாடியில நானும் இருந்தேன்." அடி விழுந்தால் விழட்டும். இந்த இரண்டு வாக்கியத்தையும் முடிக்காமல் அழமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்கிறேன்.

நீ காட்டிக்கொடுக்காத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
பாண்டி